வந்த மீனும் இருந்த மீனும்

1890-ஆம் ஆண்டு அமெரிக்க மீன்வள ஆணையத்தார் மிச்சிகன் ஏரியைப் பூர்வீகமாகக் கொண்ட லேக் ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள லூயிஸ், ஷோஷோன் ஏரிகளில் விட்டார்கள். அந்த இரண்டு ஏரிகளிலும் அதற்குமுன் மீனே கிடையாது. கீழே இருந்த அருவி எந்த மீனையும் மேலே ஏறவிடவில்லை. தண்ணீர் சும்மா கிடப்பானேன், பூங்காவுக்கு வருகிறவர்களுக்குத் தூண்டில் போடவாவது ஆகட்டுமே என்பது அந்தக் காலத்து நினைப்பு. அறுபது எழுபது ஆண்டுகளில் மிச்சிகன் ஏரியிலேயே அந்த மீன் அற்றுப்போயிற்று. வரம்பில்லாத மீன்பிடியும், கப்பல் கால்வாய் வழியே உள்ளே நுழைந்த கடல் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணியும் 1950களில் அதன் கதையை முடித்தன. அங்கே மறுபடி குடியேற்ற வித்து மீன் தேடியபோது கைகொடுத்த வம்சங்களுள் லூயிஸ் ஏரி வம்சமும் ஒன்று. ஆனால் அதே லூயிஸ் ஏரி மீன்கள் பக்கத்திலுள்ள யெல்லோஸ்டோன் ஏரிக்குள் போனபோது, அமெரிக்க நன்னீர்ச் சூழல் வரலாற்றிலேயே பெரிய சீர்குலைவுகளில் ஒன்று தொடங்கியது.

ஒரு மீன் நல்லதா கெட்டதா என்று கேட்டுப் பயனில்லை. எந்த நீரில் இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். ப்ரூக் ட்ரவுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே கிரேட் ஸ்மோக்கி மலைகளில் அதுதான் ஆதிமீன். மேற்கிலிருந்து கொண்டுபோய் விட்ட ரெயின்போ ட்ரவுட் அதை உச்சி ஓடைகளுக்குத் துரத்திவிட்டது. அங்கே பூங்காத் துறையினர் ரெயின்போவை எடுத்துவிட்டு ப்ரூக்கை மீட்கிறார்கள். மேற்கே ராக்கி மலைகளில் ப்ரூக் வெளியூர் மீன். அங்கே ப்ரூக்கை எடுத்துவிட்டு கட்த்ரோட் ட்ரவுட்டை மீட்கிறார்கள். தூண்டில் விளையாட்டுக்காக இடம் மாற்றிய மீன்களோடு அமெரிக்கா பல தலைமுறைகளாக மல்லுக்கட்டி வருகிறது. அந்த அனுபவத்தைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: எந்த நீரில் அயல் மீனை முழுதாக அகற்ற முடியும், எந்த நீரில் அடக்கிவைக்க மட்டுமே முடியும் என்று ஆறு ஆறாகப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்தபின் பாதியில் விடக்கூடாது. பாதி வேலை பெரும்பாலும் பூஜ்யத்துக்குச் சமம்.

யெல்லோஸ்டோன் 1872-இல் தேசியப் பூங்காவானது. அதன் நீர்நிலைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் அப்போது மீனற்றவை. வெளியூர் மீன்களில், 1889-இல் தொடங்கி ஃபயர்ஹோல் ஆற்றில் ப்ரூக், கிப்பன் ஆற்றில் ரெயின்போ, மறு ஆண்டு ஐரோப்பாவின் ப்ரவுன் ட்ரவுட் என்று வரிசையாக வந்து இறங்கின. 1881 முதல் 1955 வரை பூங்காவுக்குள் விடப்பட்ட மீன்கள் 31 கோடிக்கும் மேல். யெல்லோஸ்டோன் ஏரியிலிருந்து 1899-க்கும் 1957-க்கும் இடையே எடுத்து வெளியே அனுப்பிய கட்த்ரோட் முட்டைகள் 81 கோடிக்கும் மேல். தேசியப் பூங்கா என்ற பெயரில் அங்கே நடந்தது ஒரு மாபெரும் மீன்பண்ணை வேலை என்று சொன்னால் மிகையாகாது. 1950களின் இறுதியில் அது நின்றது. அதற்குள் வந்த மீன்கள் பல ஆறுகளில் ஊன்றிவிட்டன.

இத்தனை களேபரத்திலும் யெல்லோஸ்டோன் ஏரி தப்பியிருந்தது. கடல் மட்டத்துக்கு மேல் 2,350 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், 340 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்த குளிர்ந்த ஏரி அது. தாடைக்கு அடியில் செந்நிறக் கீற்று ஓடும் யெல்லோஸ்டோன் கட்த்ரோட் அங்கே லட்சக்கணக்கில் இருந்தது. பனி உருகும் காலத்தில் அது ஏரியை விட்டுச் சிற்றோடைகளில் ஏறி முட்டையிடும். முழங்கால் ஆழத் தண்ணீரில் கூட்டங்கூட்டமாக வரும் அந்த மீனுக்காகக் கிரிஸ்லி கரடிகள் ஓடைக்கரைக்கு இறங்கிவரும். விராலடிப்பான்களும் வெண்தலைக் கழுகுகளும் கூழைக்கடாக்களும் நீர்நாய்களும் அதை நம்பி இருந்தன. ஏரியின் சத்து ஓடை வழியாகக் காட்டுக்குள் போகும் பாதையே அந்த மீன்தான்.

1994 ஜூலை இறுதியில் தூண்டில்காரர் ஒருவர் பிடித்த மீன் கட்த்ரோட் அல்ல, லேக் ட்ரவுட் என்று தெரியவந்தது. எங்கிருந்து வந்தது? மீனின் தலைக்குள் செவிக்கல் என்று ஒரு சிறு சுண்ணாம்புக் கல் இருக்கிறது. மரத்தில் விழுவதைப்போல் அதிலும் ஆண்டு வளையங்கள் விழும். மீன் எந்த நீரில் வாழ்ந்ததோ அந்த நீரின் வேதித் தடமும் வளையத்தோடு படியும். பிடிபட்ட வயதான மீன்களின் செவிக்கல்லைக் குறுக்கே அறுத்து உள் வளையத்திலிருந்து வெளி வளையம் வரை ஆராய்ந்தபோது, இளமையில் ஒரு நீர், பிற்பாடு வேறொரு நீர் என்பது பளிச்சென்று தெரிந்தது. உள் வளையங்கள் லூயிஸ் ஏரியோடு பொருந்தின. யாரோ 1980களிலேயே சட்டவிரோதமாகக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

லேக் ட்ரவுட் பல பத்தாண்டுகள் வாழும் வேட்டை மீன். வளர்ந்த மீன் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 41 கட்த்ரோட்டுகளைத் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிளியர் க்ரீக் என்ற ஓடையில் 1978-இல் 70,000-க்கும் மேற்பட்ட கட்த்ரோட்டுகள் முட்டையிட ஏறின. 2007-இல் ஏறியவை 538. பிரிட்ஜ் க்ரீக்கில் 1999-இல் 2,363 மீன்கள் வந்தன. 2004-இல் வந்தது ஒரே ஒரு மீன். சுழல்நோய் என்ற ஒட்டுண்ணி நோயும் வறட்சியும் இதில் பங்குபெற்றன என்பது உண்மை. ஆனாலும் முதற்காரணம் லேக் ட்ரவுட்தான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு ட்ரவுட் போய் இன்னொரு ட்ரவுட் வந்தது, அவ்வளவுதானே என்று தோன்றலாம். அப்படியல்ல. லேக் ட்ரவுட் ஆழத்தில் வாழ்கிறது. முட்டையிடவும் ஓடைக்கு ஏறுவதில்லை, இலையுதிர் காலத்தில் ஏரியின் பாறைத் தரையிலேயே இட்டுவிடுகிறது. கரடியின் கைக்கும் கழுகின் நகத்துக்கும் அது எட்டாது. ஏரிக்குள் மீன் இருந்தும் காட்டுக்கு மீன் இல்லை. கரடிகள் ஓடைகளைக் கைவிட்டன. ஏரியைச் சுற்றி விராலடிப்பான் கூடுகள் குறைந்தன. கரடிகள் எல்க் மான் கன்றுகளை அதிகமாகக் கொன்றதற்கு மீன் குறைந்ததும் ஒரு காரணம் என்று 2013-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. ஏரியின் மிதவை உயிரிகளின் அமைப்பே மாறிவிட்டதை 2019-இல் மீனியலாளர் டாட் கோயலும் அவருடைய சகாக்களும் விரிவாகக் காட்டினார்கள்.

பூங்காத் துறை 1995-இல் செவுள்வலை போடத் தொடங்கியது. அது போதவில்லை. பிடிபட்டதைவிடப் பெருகியது அதிகம். 2008-இல் கூடிய அறிவியலாளர் குழு, வலைவீச்சைப் பலமடங்கு கூட்டினால்தான் பயன் என்று சொன்னபின், பெரிய ஏரிகளில் தொழில்முறையாக மீன்பிடித்துப் பழகியவர்களை 2009 முதல் ஒப்பந்தத்தில் அழைத்துவந்தார்கள். பனி உடைந்ததும் படகுகள் இறங்கும், அக்டோபர் வரை ஓயாது. கட்த்ரோட் மேல்நீரில் திரிவதால் வலையை ஆழத்தில் போடுகிறார்கள். வலைக்கண்ணின் அளவை மாற்றி மாற்றி ஒவ்வொரு வயது மீனையும் குறிவைக்கிறார்கள். 2017-இல் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் லேக் ட்ரவுட் பிடிபட்டன. இதுவரை எடுத்தவை 40 லட்சத்தைத் தாண்டிவிட்டன. பிடித்த மீனை விற்பதில்லை. அதிலுள்ள சத்து ஏரியை விட்டுப் போய்விடக்கூடாது என்று ஆழத்திலேயே திருப்பிப் போடுகிறார்கள். செலவு ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர்.

வலையோடு வேறு உத்திகளும் சேர்ந்தன. சில லேக் ட்ரவுட்டுகளின் வயிற்றில் ஒலிக்கருவி பொருத்தி விட்டுவிடுவார்கள். முட்டையிடும் காலத்தில் அவை எங்கே கூடுகின்றன என்பதை ஒலி காட்டிக்கொடுக்கும், அங்கே வலை விழும். முட்டையிட்ட பாறைத் தரைகளின்மேல் இறந்த மீன்களைப் பரப்பியும் பார்த்தார்கள். அவை அழுகும்போது அடிநீரில் உயிர்வளி குறைந்து முட்டைகள் சாகின்றன. அது பலித்ததால், பின்னாளில் சோயாவிலிருந்து செய்த குருணைகளை அதே வேலைக்குப் பயன்படுத்தினார்கள். 2012-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்ட லேக் ட்ரவுட் தொகை அதன்பின் இறங்கத் தொடங்கியது. கட்த்ரோட் குஞ்சுகள் மறுபடி தலைகாட்டுகின்றன. ஆனால் இவ்வளவு பெரிய ஏரியில் கடைசி லேக் ட்ரவுட் வரை பிடித்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. இது வயலில் களை எடுப்பதைப் போன்ற வேலை. இரண்டு பருவம் கைவிட்டால் பழைய நிலைக்கே போய்விடும். இந்தச் செலவு எத்தனை காலத்துக்கு என்று கேட்பவர்களுக்கு, நமக்குத் தெரிந்த காலம் முழுவதும் என்றுதான் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

ஓடைகளின் கணக்கு வேறு. அங்கே முழுதாக அகற்றுவது கைகூடும். லமார் ஆற்றில் கலக்கும் சோடா பியூட் க்ரீக்கில் ப்ரூக் ட்ரவுட் ஊன்றியிருந்தது. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மீனை மயக்கிப் பிடித்துப் பல ஆண்டுகள் குறைத்துப் பார்த்தார்கள். குறைந்ததே தவிர அற்றுப்போகவில்லை. கடைசியில் 2015-லும் 2016-லும் ரோட்டினோன் என்ற மருந்தைக் கையாண்டார்கள். பயறுக் குடும்பத்துச் செடிகள் சிலவற்றின் வேரில் இருக்கும் நஞ்சு அது. வெப்பமண்டலப் பழங்குடிகள் காலங்காலமாக மீன் பிடிக்கப் பயன்படுத்தியது. மீனின் செவுள் வழியாக ரத்தத்தில் கலந்து, உயிரணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும்.

வேலை நடக்கும் விதம் இது. முதலில் கட்த்ரோட்டுகளை மின்சாரத்தால் மயக்கிப் பிடித்து நல்ல நீரில் பத்திரப்படுத்துவார்கள். பிறகு ஓடைக்கரை நெடுக, கணக்கிட்ட இடைவெளியில் கலன்களை வைத்து மருந்தைச் சொட்டுச்சொட்டாக விடுவார்கள். ஊற்றுக்கண்கள், சேற்றுப் பள்ளங்கள், புல்லடித் தேக்கங்கள் எல்லாவற்றுக்கும் முதுகில் தெளிப்பான் மாட்டிய ஆட்கள் நடந்தே போவார்கள். இரண்டு விரல் அகலமுள்ள ஊற்று ஒன்றில் ஒரு ஜோடி தப்பினாலும் உழைப்பு முழுவதும் பாழ். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, கூண்டில் அடைத்த காவல் மீன்களை நீரில் வைத்திருப்பார்கள். எல்லையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கலந்து மருந்தை முறிப்பார்கள். அந்த இடத்தில் ஓடை ஊதா நிறத்தில் ஓடும். அதற்குக் கீழே வைத்த காவல் மீன்கள் உயிரோடு இருந்தால் முறிவு சரி. எல்லாம் முடிந்தபின் பத்திரப்படுத்திய கட்த்ரோட்டுகளைத் திரும்ப விடுவார்கள்.

இந்த மருந்தை எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. நீர்ப்பூச்சிகளும் செவுளோடு இருக்கும் தவளைக் குஞ்சுகளும் சேர்ந்தே அடிபடுகின்றன. மனிதன் கைவைக்கக் கூடாது என்று சட்டம் போட்டுக் காத்த வனத்தில் நஞ்சு கலக்கலாமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதைவிட வலுவான ஆட்சேபம் வரலாற்றில் இருக்கிறது. 1962 செப்டம்பரில் யூட்டா, வயோமிங் மாநிலங்களில் கிரீன் ஆற்றையும் அதன் கிளைகளையும் சுமார் 700 கிலோமீட்டருக்கு இதே ரோட்டினோனால் கொன்றார்கள். ஃப்ளேமிங் கார்ஜ் அணையின் மதகுகள் மூடப்பட்டு நீர் தேங்கும் முன் ஆற்றிலுள்ள ‘மட்ட மீன்களை’ ஒழித்துவிட்டு ரெயின்போ ட்ரவுட் விட வேண்டும் என்பது திட்டம். கார்ல் ஹப்ஸ், ராபர்ட் ரஷ் மில்லர் போன்ற மீனியல் அறிஞர்கள் முன்கூட்டியே கண்டித்தும் கேட்கவில்லை. முறிவு மருந்து போதாமல் நஞ்சு கீழேயுள்ள டைனோசர் தேசிய நினைவிடத்துக்குள் பாய்ந்தது. மட்டம் என்று ஒதுக்கிய அந்த ஆற்று மீன்களில் ஹம்ப்பேக் சப், கொலராடோ பைக்மின்னோ ஆகியவை 1967-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட அழிவாபத்து உயிரினங்களின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றன. அதே மருந்தை இன்று ஆதிமீனைக் காக்க எடுக்கிறார்கள். எடுக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் கிரீன் ஆறு நினைவில் இருக்க வேண்டும். அன்று அதைச் செய்தவர்களும் நல்லது செய்வதாகவே நம்பினார்கள்.

ரெயின்போவின் தீங்கு இன்னும் நுட்பமானது. அது கட்த்ரோட்டைத் தின்பதைவிட, அதனோடு கலந்து விடுகிறது. பிறக்கும் கலப்புக் குஞ்சுகள் மலடல்ல, அவையும் கலக்கும். மான்டானாவில் கிளின்ட் முல்ஃபெல்டும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 20 சதவீதக் கலப்பு இருந்தாலே இனப்பெருக்க வெற்றி சுமார் பாதியாகக் குறைவது தெரிந்தது. நீர் சூடாகச் சூடாகக் கலப்பு மேல் ஓடைகளுக்கு ஏறுகிறது என்றும் பின்னர் காட்டினார்கள். வலையும் தூண்டிலும் இதைத் தடுக்காது. லமார் ஆற்று வட்டாரத்தில் பிடிபடும் ரெயின்போவையும் அடையாளம் தெரிகிற கலப்பு மீனையும் ப்ரூக்கையும் கொன்றே ஆக வேண்டும், கட்த்ரோட்டைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அதனால் கலப்பு மெதுவாகும், நிற்காது.

கலப்பைத் தடுக்கும் நிச்சயமான வழி தடுப்பு ஒன்றுதான். இயற்கை அருவியை உயர்த்தியோ செயற்கைச் சுவர் கட்டியோ கீழிருந்து மீன் ஏறாமல் செய்வது. சோடா பியூட் வழியில் ஐஸ் பாக்ஸ் பள்ளத்தாக்கு அருவியை இப்படித்தான் மாற்றியமைத்தார்கள். ஆனால் சுவர் இரு பக்கமும் வெட்டும். மேலே சில கிலோமீட்டர் ஓடைக்குள் அடைபட்ட சில நூறு மீன்கள் தங்களுக்குள்ளேயே இனம்பெருக்கிப் பலவீனமாகும். ஒரு காட்டுத்தீயோ ஒரு வெள்ளமோ மொத்தத்தையும் கொண்டுபோய்விடும். கர்ட் ஃபௌஷ் போன்ற ஆய்வாளர்கள் இந்த இக்கட்டை நீண்டகாலமாக எடுத்துச் சொல்லி வருகிறார்கள். படையெடுப்பும் தனிமையும் இரண்டுமே கொல்லும், எந்த ஓடையில் எது முதலில் கொல்லும் என்பதே கேள்வி. என் கருத்தில், கட்டினால் சில கிலோமீட்டருக்கு அல்ல, கிளைகளோடு கூடிய முழு வடிநிலத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். சிறு சிறு சிறைகளில் இனத்தைக் காப்பாற்ற முடியாது.

எல்லா ஆற்றிலும் இதைச் செய்ய வேண்டுமா? வேண்டியதில்லை, முடியவும் முடியாது. மான்டானாவின் மேடிசன் ஆற்றின் புகழ் முழுவதும் ரெயின்போவாலும் ப்ரவுனாலும் வந்தது. உலகெங்கிலிருந்தும் தூண்டில்காரர்கள் அங்கே வருகிறார்கள். பொரிப்பகக் குஞ்சுகளை விடுவது ஆற்றில் தானாகப் பெருகிய மீன்களையே குறைக்கிறது என்று மீனியலாளர் டிக் வின்சென்ட் மேடிசனில் கண்டறிந்த பிறகு, 1974-இல் மான்டானா தன் ஆறுகளில் மீன் விடுவதை நிறுத்தியது. அந்த ஒரு முடிவு பல ஆறுகளுக்கு நன்மை செய்தது. மேடிசனை ஆதிமீனுக்குத் திருப்பப் போவதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் மேடிசனின் வருமானத்தைக் காட்டி, மேலேயுள்ள ஓடைகளிலும் அயல் மீன் இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாதிடுவதை என்னால் ஏற்க முடியாது. தூண்டில்காரர்களுக்கு மேடிசன் மாதிரி எத்தனையோ ஆறுகள் இருக்கின்றன. கட்த்ரோட்டுக்கு மிஞ்சியிருப்பவை அந்த ஓடைகள்தான்.

மீனைக் கொல்வது யாருடைய மண்ணில், யாருடைய சம்மதத்தோடு என்பதையும் பேசியாக வேண்டும். கிராண்ட் கேன்யனில் ஹம்ப்பேக் சப் மீனைக் காக்க, லிட்டில் கொலராடோ ஆறு வந்து சேரும் இடத்தருகே 2003 முதல் 2006 வரை மின்சாரம் பாய்ச்சி ஏறத்தாழ 19,000 ரெயின்போ ட்ரவுட்டை அகற்றினார்கள். அது சூனி பழங்குடியினருக்குப் புனிதமான பகுதி. அங்கே இத்தனை உயிர்களைக் கொன்று குவிப்பதை அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆதிமீனைக் காக்க வந்தவர்கள் ஆதிக்குடிகளின் சம்மதம் பெறாமல் தொடங்கியது பெரும் பிழை. பின்னாளைய திட்டங்களில், மீனை உயிரோடு எடுத்து வேறிடம் கொண்டுபோவது, கொன்றால் வீணாக்காமல் உணவாக்குவது என்பவை இடம்பெற்றதற்கு அந்த எதிர்ப்பே காரணம். கிராண்ட் கேன்யனுக்கு மேலே லீஸ் ஃபெர்ரியில் ப்ரவுன் ட்ரவுட் பிடித்துக் கொடுத்தால் மீனுக்கு 25 டாலர் முதல் தருவதாக 2020-இல் ஒரு திட்டம் வந்தது. பணம் கொடுத்தால் தூண்டில்காரர் உழைப்பார் என்பது சரி. ஆனால் பணம் வருமென்றால் மீனைப் பரப்பவும் ஆள் வரலாம், அதைக் கண்காணித்தாக வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இது தூரத்துக் கதை அல்ல. நீலகிரியில் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து மேல்மலை ஓடைகளில் ரெயின்போ விட்டவர்கள் ஆங்கிலேயர்கள். மூணாறிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் அதையே செய்தார்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நூறு மோசமான அயல் உயிரினங்களின் பட்டியலில் ரெயின்போவும் ப்ரவுனும் இரண்டுமே இருக்கின்றன. நம் சோலை ஓடைகளில் ட்ரவுட்தான் அயல் மீன். தவளைகளும் சிறு மீன்களும் அதன் வாய்க்கு இரையாகும் ஆதி உயிர்கள். சுற்றுலாப் பெருமையாக மட்டும் அதைப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

புதிய கருவிகளில் நம்பிக்கை தருவது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் வளர்த்தெடுத்த ஒன்று. பெண் ஹார்மோன் கலந்த தீனி கொடுத்து ஆண் ப்ரூக் குஞ்சுகளை முட்டையிட வைக்கிறார்கள். அவற்றைச் சாதாரண ஆணோடு இணைத்தால் பிறப்பவற்றில் நான்கில் ஒன்றுக்கு இரண்டு ஆண் நிறப்புரிகள், அதாவது இரண்டு ஒய் குரோமோசோம்கள் அமையும். அந்த மீன்களை ஓடையில் விட்டால் அவற்றுக்குப் பிறப்பதெல்லாம் ஆணாகவே இருக்கும். ஆண்டுதோறும் விட்டுக்கொண்டே வந்தால் பெண்ணே இல்லாமல் அந்தக் கூட்டம் அற்றுப்போகும். நஞ்சு வேண்டாம், மற்ற உயிர்களுக்குச் சேதமில்லை. ஆனால் இங்கும் தொடர்ந்து பல ஆண்டுகள் விட வேண்டும், இருக்கிற ப்ரூக்கை இடையிடையே பிடித்துக் குறைக்கவும் வேண்டும். பட்ஜெட் வெட்டு வந்து மூன்றாம் ஆண்டு நிறுத்தினால், எல்லாம் முதலிலிருந்து.

2022 பிப்ரவரியில் பூங்காவின் வடக்கு வாசலருகே, கார்ட்னர் ஆறு யெல்லோஸ்டோன் ஆற்றோடு சேரும் இடத்தில் தூண்டில்காரர் ஒருவர் ஸ்மால்மவுத் பாஸ் ஒன்றைப் பிடித்தார். கிழக்கிலிருந்து வந்த, வெதுவெதுப்பான நீரை விரும்பும் மீன் அது. யெல்லோஸ்டோன் ஆற்றில் பல காலமாகக் கீழ்ப்பகுதியோடு நின்றிருந்தது. ஆறு சூடாக ஆக மேலே ஏறி வந்திருக்கிறது. மான்டானா மீன்வளத் துறை அந்தப் பகுதிக்கு உடனே விதி போட்டது: அங்கே பாஸ் பிடிபட்டால் திரும்ப விடக்கூடாது, கொன்று அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். இப்போது அந்த ஆற்றில் இருப்பது சில மீன்களாக இருக்கலாம். 1994-இல் யெல்லோஸ்டோன் ஏரியில் லேக் ட்ரவுட்டைக் கண்டபோது, அது ஏரிக்குள் வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பாஸ் விஷயத்தில் அந்தத் தாமதம் நேரவில்லை. ஆற்றுநீரில் கலந்திருக்கும் மரபணுத் துணுக்குகளைச் சோதித்து எந்த மீன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையும் இன்று கைவசம் இருக்கிறது. செலவு செய்ய வேண்டிய நேரம் இது.